ஏழு வாரம் தூங்கிய வக்கீல் ஆபீஸ், ஆனாலும் நாலு ஸ்டார்

அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸ் பக்கம் இர்விங்கில் ஒரு கம்பெனியில் மூன்றரை வருடம் டெஸ்க்டாப் சப்போர்ட் பார்த்தேன். ஆஃபர் லெட்டரில் பட்டம் ‘சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்’. பக்கத்திலேயே ‘எக்ஸெம்ப்ட்’ என்று ஒரு வார்த்தை. ஓவர்டைம் கிடையாது என்று அர்த்தம். சம்பளம் வருடத்துக்கு 52,000 டாலர், வாரக் கணக்கில் 1,000. நான் அனலைஸ் செய்ததெல்லாம் பிரிண்டரில் பேப்பர் எங்கே சிக்கியிருக்கிறது என்பதைத்தான். பாஸ்வேர்ட் மாற்றுவது, புது லேப்டாப் தயார் செய்வது, மீட்டிங் ரூம் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டுவது என்று வாரத்துக்குச் சராசரியாக 52 மணி நேரம் ஓடும்.

2024 மார்ச்சில் வேலையை விட்டேன். மே மாதம் கோயில் அன்னதான வரிசையில், எச்.ஆர். வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் இதைப் புலம்பினேன். “தம்பி, ஃபிக்ஸட் சம்பளம்னா ஓவர்டைம் கிடையாதுன்னு உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டதுதான்.

1938-ல் வந்த மத்தியச் சட்டப்படி வாரம் 40 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கூலி. ஓவர்டைமிலிருந்து விலக்கு கொடுக்க, வாரம் குறைந்தது 684 டாலர் நிலையான சம்பளம் இருந்தால் மட்டும் போதாது, செய்யும் வேலையும் விலக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் துறை விலக்கு சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், புரோகிராமர் மாதிரியானவர்களுக்கு. எனக்கு அந்தப் பட்டம் ஏன் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ஹெல்ப் டெஸ்க் மாதிரி வேலை இதில் சேராது என்று தொழிலாளர் துறையே 2006-ல் எழுதிக் கொடுத்திருக்கிறது.

முதலில் ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். ஒரு பையன் கேள்வித்தாளை வாசித்து முடித்தான். அப்புறம் சத்தமே இல்லை. இரண்டாவதாகப் போனது பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இருக்கும் இரண்டு ரூம் ஆபீஸ். நான் ரிவ்யூ எழுதுவது இதற்குத்தான். முதல் சந்திப்பு இலவசம், முழுதாக நாற்பது நிமிடம் கொடுத்தார் அந்த வக்கீல் அம்மா. ஜெயித்தால் 40 சதவீதம், தோற்றால் ஃபீஸ் கிடையாது.

கம்பெனியில் பஞ்ச் கார்டு எதுவும் கிடையாது. நேரத்தை எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன். முதலாளி கணக்கு வைக்காதது தொழிலாளி குற்றமில்லை, நியாயமான மதிப்பீடு போதும் என்று 1946-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் கேஸையே தூக்கி நிறுத்தியது: “எந்த ரோட்டில் வீட்டுக்குப் போவீர்கள்?” ஜார்ஜ் புஷ் டர்ன்பைக், அதாவது சுங்கச் சாலை. கார் கடக்கும் நேரத்தைப் பதியும் டோல்டேக் ஸ்டேட்மெண்டை இறக்கிப் பார்த்தால் வரிசையாக நிற்கிறது: இரவு 8:47, 9:12, 8:31. அதே ராத்திரிகளில் வாட்ஸ்அப்பில் என் மனைவி: “தோசை ஊத்தவா, கெளம்பிட்டீங்களா?” கம்பெனி ஃபைல் ஒன்றை அனுப்பப் போனபோது மட்டும் திட்டு விழுந்தது. சொந்த ரெக்கார்டு போதும், அவர்களுடையதைத் தொடாதே என்று.

எதிர்த்தரப்பு ஹெல்ப் டெஸ்க் விஷயத்தில் அதிகம் வாதாடவில்லை. சண்டை கணக்கில்தான். நாங்கள் சொன்னது: 1,000 டாலர் 40 மணிக்கான சம்பளம், மணிக்கு 25, ஓவர்டைம் 37.50, ஆக வாரம் 450. அவர்கள் சொன்னது: அந்த 1,000 மொத்தம் 52 மணிக்கும் கொடுத்தாகிவிட்டது, மணிக்கு 19.23, பாக்கி வெறும் அரை மடங்குதான், ஆக வாரம் 115 சொச்சம். இதைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. அதிக நேரம் உழைக்க உழைக்க மணிக்கூலி குறைகிறது! டெக்சாஸில் இந்த வாதம் எடுபடவும் வாய்ப்பு உண்டாம். 92 வாரத்துக்கு ஒரு கணக்கில் 41,400, இன்னொன்றில் 10,615. அதே அளவு நஷ்டஈடு கூடச் சேரலாம். கடைசியில் 46,000-க்குக் கோர்ட் போகாமலே முடிந்தது. ஃபீஸும் 180 டாலர் செலவும் போக 27,420 என் பங்கு, இரண்டு செக்காக. பாதி பழைய சம்பளம், வரி பிடித்தம் போக வந்தது. மீதி நஷ்டஈடு, அதற்கு நாமே வரி கட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் குறைத்த அந்த ஒரு ஸ்டார். சாதாரணமாக இரண்டு வருடப் பாக்கியைத்தான் கேட்க முடியும். தெரிந்தே ஏமாற்றினார்கள் என்று காட்டினால் மூன்று. அது கேஸ் போடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். இல்லையென்றால் காலக்கெடுவை நிறுத்திவைக்க இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீலோடு நான் ஒப்பந்தம் போட்டது ஜூன் 3. வக்கீல் ஆபீஸ் கம்பெனிக்கு முதல் கடிதம் அனுப்பியது ஜூலை 22. கேட்டால் அசிஸ்டெண்ட் லீவாம். அந்த ஏழு வாரத்தில் என் பழைய வாரங்கள் ஏழு கரைந்து போயின, எங்கள் கணக்குப்படி 3,150 டாலர். ஆக, கையெழுத்துப் போடும் அன்றே கடிதம் எப்போது போகும் என்று தேதி கேட்டு ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வக்கீல் வைக்க மனமில்லாதவர்கள் தொழிலாளர் துறையின் கூலிப் பிரிவிலேயே இலவசமாகப் புகார் கொடுக்கலாம். எனக்கு அரை மடங்கு கணக்கோடு மோத ஆள் தேவைப்பட்டது.

என்னோடு அதே வேலை பார்த்த பையன் ஒருவன் சாட்சிக்கு வர மாட்டேன் என்றுவிட்டான். அவனுடையது எச்1பி, கம்பெனி வழியாக வரும் வேலை விசா. சட்டம் எல்லா விசாவுக்கும் ஒன்றுதான், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் குற்றம்தான். அதெல்லாம் சொன்னேன். “உங்களுக்குக் கிரீன் கார்டு இருக்குண்ணா” என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை. செக் வந்தது தெரிந்த பிறகு ஒருநாள் காபிக்குக் கூப்பிட்டான். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, எழும்போது கேட்டான்: “அண்ணா, அந்த டோல் ஸ்டேட்மெண்ட் எத்தனை மாசத்துக்கு எடுக்கலாம்?”