காம்ரேட்ஸுக்கு ரிகர்சலா சென்னை மாரத்தான் எப்படி? ஓடிட்டு வந்து எழுதறேன்

சென்னை மாரத்தான்ல பெஸ்ட் டைமிங் அடிக்கணும்னு நினைக்கறவங்களுக்கு இந்த ரிவ்யூ அவ்வளவா உதவாது. ஜூன்ல சவுத் ஆப்ரிக்கா போயி காம்ரேட்ஸ் ஓடப்போறேன், அதுக்கு ஒரு ஃபுல் மாரத்தானை 4 மணி 50 நிமிஷத்துக்குள்ள முடிச்சு குவாலிஃபை ஆகணும், அந்த கணக்குல இந்த ரேஸ் எப்படி இருந்துச்சுங்கறது மட்டும்தான் இங்க.

காம்ரேட்ஸ் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முதல் உலகப்போர்ல செத்துப்போன வீரர்கள் நினைவா விக் கிளாப்பம்ங்கறவர் 1921ல ஆரம்பிச்சு வச்ச ஓட்டம், முதல் வருஷம் 34 பேர் கிளம்பி 16 பேர்தான் முடிச்சாங்க. ஒரு வருஷம் டர்பன்ல இருந்து மேல பீட்டர்மாரிட்ஸ்பர்க், இன்னொரு வருஷம் அங்கிருந்து கீழ டர்பன், பெரும்பாலும் இப்படி மாத்தி மாத்தி வரும். எனக்கு கிடைச்சிருக்கறது டவுன் ரன், கிட்டத்தட்ட 90 கிமீ, 12 மணி நேரத்துல முடிக்கணும். ஒரு செகண்ட் லேட்டா வந்தாலும் மெடல் இல்ல. 1860ல மெட்ராஸ்ல இருந்து கப்பல் ஏறி கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்ம ஆளுங்க இறங்கின ஊரு டர்பன், அங்க போயி ஓட்டத்தை முடிக்கறதுல எனக்குன்னு ஒரு ஆசை இருக்கு, அது தனிக் கதை.

சரி ரேஸுக்கு வர்றேன். நேப்பியர் பாலத்துகிட்ட விடிகாலை 4 மணிக்கு ஸ்டார்ட். இருட்டுல மெரினா பக்கமா ஓடறது சென்னையில வேற எந்த ஓட்டத்துலயும் எனக்கு இவ்வளவு பிடிச்சதில்ல, ஒரு பக்கம் கடல் காத்து, மறுபக்கம் பழைய பழைய கட்டிடம், ரோட்ல வண்டியே இல்ல. அப்புறம் தெக்க போயி கடைசி பகுதி ஈசிஆர் பக்கம். ரூட் மொத்தமும் ஃப்ளாட், ஏத்தம்னா மேம்பாலம்தான்.

நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டுப் போனது இதுதான், இந்த ரேஸை ரேஸா ஓடக்கூடாது. என்னோட பெஸ்ட் 3 மணி 55 நிமிஷம், ஆனா இங்க 4:35 தான் டார்கெட், அதாவது கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம். முதல் கிமீல இருந்தே ஒம்பது நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடை. நல்லா இருக்கும்போதே நடக்கணும், அதுதான் கஷ்டம், சுத்தி எல்லாரும் தாண்டிப் போவாங்க, "என்னண்ணா ஆச்சு, கால் பிடிச்சுக்கிச்சா?"ன்னு பின்னாடி வந்த தம்பி கேட்டாரு, இல்லப்பா பிளான்தான்னு சொன்னேன். காம்ரேட்ஸ்ல 11 மணி நேரத்துல முடிக்கணும்னா கிமீக்கு ஏழு இருபது போனா போதும், அந்த பொறுமை ஒரே நாள்ல வராது, 42 கிமீ முழுக்க பழகிப் பார்க்க ஒரு நல்ல ரேஸ் வேணும்.

அதுக்கு சென்னை ரொம்ப சரியா அமைஞ்சுது, முக்கியமா தண்ணி ஏற்பாடு. போன வருஷம் வேற ஊர்ல ஒரு மாரத்தான் ஓடினேன், பேர் வேணாம், 30 கிமீக்கு மேல அடுத்தடுத்து ரெண்டு ஸ்டாப்ல தண்ணி காலி, அன்னிக்கு நான் ஜெல் (ஓடும்போது சக்திக்கு முழுங்கற இனிப்புக் கூழ்) டெஸ்ட் பண்ணலாம்னு போனது மொத்தமும் வீணா போச்சு, தண்ணி இல்லாம ஜெல் முழுங்கினா வயிறு என்ன ஆகும்னு ஓடறவங்களுக்கு தெரியும். இங்க கடைசி வரைக்கும் தண்ணி இருந்துச்சு, வாலன்டியர் பசங்க கை நீட்டி கொடுத்தாங்க, லேட்டா வர்றவங்களுக்கும் அதே உற்சாகத்தோட கைதட்டினாங்க. அதனால நாப்பது நிமிஷத்துக்கு ஒரு ஜெல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு சால்ட் மாத்திரைன்னு நெனச்ச மாதிரியே போட்டுப் பார்க்க முடிஞ்சுது. அஞ்சாவது ஜெல்லுக்கு மேல இனிப்பு தொண்டையில இறங்கலங்கற உண்மை அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, காம்ரேட்ஸ்ல வழியில உப்பு போட்ட உருளைக்கிழங்கு கொடுப்பாங்க, இனிமே லாங் ரன்லயே உருளைக்கிழங்கு எடுத்துட்டுப் போகப்போறேன். அங்க தண்ணியும் நம்ம ஊரு பாக்கெட் மாதிரிதான் வரும், பல்லால கடிச்சு குடிக்கற பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கு.

பேசருங்களும், அதாவது குறிப்பிட்ட டைம்ல முடிக்க வேகம் காட்டி கூட ஓடறவங்களும், நல்லா இருந்தாங்க, கொடி பிடிச்சுட்டு ஒரே சீரா போனாங்க. காம்ரேட்ஸ்ல இதையே பஸ்னு சொல்வாங்க, லீட் பண்றவர் டிரைவர், பெரிய கூட்டமே பின்னாடி ஓடும். கூட்டத்தோட சேர்ந்து ஓடி, நம்ம நடை பிரேக் வந்ததும் மத்தவங்களை இடிக்காம ஓரமா ஒதுங்கறதுக்கும் இங்க பழகிக்கலாம்.

குறைன்னா ரெண்டு, ரெண்டும் நடத்தறவங்க தப்பு இல்ல, ஊரோட குணம். ஒண்ணு ஈரப்பதம். ஜனவரியிலயும் ஏழு மணிக்கு மேல வேர்வை காயவே காயாது, ஷூ வரைக்கும் நனைஞ்சுது. ரெண்டாவது, ஃப்ளாட் ரூட்டுங்கறதால தொடைக்கு எந்தப் பரீட்சையும் இல்ல. டவுன் ரன்னுன்னா எல்லாம் இறக்கம், ஈசின்னு நினைக்கறாங்க. கிடையாது. முதல் பாதியில ஏத்தம் இறக்கம் ரெண்டும் வரும், இன்சாங்கா மேடு தாண்டணும், பாதிக்கப்புறம் போத்தாஸ் ஹில் தாண்டணும், அதெல்லாம் முடிஞ்சு கால் களைச்சப்புறம் ஃபீல்ட்ஸ் ஹில்ல மூணு கிமீ செங்குத்தா இறங்கணும், தொடை முன்பக்க தசை கிழியறது அங்கதான், அதுக்கப்புறமும் கௌவீஸ் ஹில்லும் டர்பன் வரைக்கும் அரை மாரத்தான் தூரமும் பாக்கி இருக்கும். சென்னை மாரத்தானை மட்டும் நம்பி அங்க போனா ரொம்ப அடிபடும்.

என் டைம் 4:33. முப்பத்தஞ்சாவது கிமீல கால் நல்லா இருந்துச்சு, விட்டா 4:20 வந்திருக்கும், விடல. மறுநாள் மாடிப்படி சாதாரணமா இறங்கினேன், புதன்கிழமை எட்டு கிமீ ஓடினேன். பெஸ்ட் டைம் அடிச்ச ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாரம் ட்ரெய்னிங் போச்சு, இந்த தடவை ரெண்டு நாள்தான் போச்சு, ஆறு மாச பிளான்ல அது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு விஷயம், குவாலிஃபையிங் டைமை வச்சுத்தான் காம்ரேட்ஸ் ஸ்டார்ட்ல எந்த பேட்ச்ல (முன்னாடி கூட்டமா, பின்னாடி கூட்டமா) நிக்கப்போறோம்னு முடிவாகும், முன்னாடி பேட்ச் கண்டிப்பா வேணும்ங்கறவங்க இந்த ரேஸை முழுசா ஓடிட்டு, ரிகர்சலுக்கு பிப்ரவரி மார்ச்ல வேற ஒண்ணு பார்க்கறது நல்லது.

குவாலிஃபையர் ப்ளஸ் ரிகர்சல்னு பார்த்தா அஞ்சுக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒண்ணு மலை இல்லாததுக்கு. மலைக்கு ஏலகிரி, பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது நடை, இறங்கும்போது ஓட்டம், அப்புறம் மறுபடி அதே. கார்ல ஒரு சீட் இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு மலை அடிவாரத்துல நிக்கணும், காம்ரேட்ஸ் ரெஜிஸ்டர் பண்ணவங்க யாராவது சென்னையில இருந்து வர்றதா இருந்தா சொல்லுங்க.