நேஷன்ஸ்டேட்ஸ்: முடியாட்சி நடத்த விரும்புவோருக்கு எந்த அளவுக்கு உதவும்?

ஆஸ்திரேலிய நாவலாசிரியர் மேக்ஸ் பாரி 2002 நவம்பரில் தம் நாவலொன்றின் விளம்பரத்துக்காகத் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸ், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் உலாவியில் இலவசமாக இயங்கி வருகிறது. சொந்தமாக ஒரு நாட்டை உருவாக்கிக்கொண்டு, விளையாட்டு அவ்வப்போது அனுப்பும் சிக்கல்களுக்குத் தீர்ப்புச் சொல்வதே இதன் அடிப்படை. அசையும் படங்களோ போர்க்களமோ இல்லை, எல்லாம் எழுத்துத்தான். முடியாட்சியில் ஆர்வம் கொண்டு இதற்குள் நுழைபவருக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

தனி நாடு என்ற அளவில் கிடைப்பது மிகக் குறைவு. பதிவு செய்யும்போது முடியரசு, பேரரசு, சிற்றரசு, அரசியரசு என்று விரும்பிய பட்டத்தைப் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டம் ஆட்சிமுறையை அணுவளவும் மாற்றுவதில்லை. குடிமை உரிமை, பொருளாதாரம், அரசியல் உரிமை ஆகிய மூன்றின் அளவுகளை வைத்தே விளையாட்டு ஒவ்வொரு நாட்டையும் 27 வகைகளுள் ஒன்றில் சேர்க்கிறது. அவற்றுள் முடியாட்சி என்று ஒரு வகையே கிடையாது. ஸ்வீடனைப் போல அரசரை அலங்காரமாக வைத்துக்கொண்டு தேர்தல் நடத்தும் நாடு மக்களாட்சிகளின் வரிசையிலும், சவூதி அரேபியாவைப் போல அரசரே ஆளும் நாடு சர்வாதிகாரங்களின் வரிசையிலும் போய் நிற்கும். அரசர் இருக்கிறாரா என்பதை விளையாட்டு கேட்பதே இல்லை.

உண்மையான முடியாட்சி, நாடுகள் கூடி வாழும் வட்டாரங்களில்தான் நடக்கிறது. இந்த விளையாட்டின் சுவையும் அங்கேதான் இருக்கிறது. வட்டாரத்தின் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் பேராளராக வருபவர், விளையாட்டின் நாடுகள் சேரும் மன்றமான உலகப் பேரவையில் உறுப்பினராக உள்ள அண்டை நாடுகளின் ஆதரவை மிகுதியாகப் பெற்றவர். (ஐக்கிய நாடுகள் சபையின் பெயரையே முன்பு தாங்கியிருந்த இந்தப் பேரவை, அச்சபை எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து 2008-இல் இப்பெயருக்கு மாறியது.) ஒருவர் எத்தனை நாடுகளை நடத்தினாலும் பேரவையில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும் என்பதால், ஆதரவைத் தாமே பெருக்கிக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே ஆட்டக்காரர்கள் எழுதிக்கொள்ளும் அரசியல் சாசனம் ஒருவரைத் தெய்வத்தின் அருளால் ஆள்பவர் என்று புகழ்ந்தாலும், அன்றாடம் இருமுறை நிகழும் கணக்கெடுப்பில் இன்னொருவருக்கு ஓர் ஆதரவு கூடுதலாக இருந்துவிட்டால் அதிகாரம் கைமாறிவிடும்.

இந்த நெருக்கடியே பலவகை முடியாட்சிகளை வளர்த்திருக்கிறது. புதிய நாடுகள் பிறக்கும் வட்டாரங்களுள் ஒன்றான தி பசிபிக்கை 2003-இல் ஒரு குழு கைப்பற்றி, நியூ பசிபிக் ஆர்டர் என்ற பெயரில் புதிய ஆட்சியை நிறுவியது. அங்கே தலைவருக்குப் பேரரசர் என்று பட்டம். வாக்கெடுப்பைக் காட்டிலும் கட்டுப்பாட்டை நம்பும் மரபு. செயலற்றுப்போய்ப் பின்னர் உயிர்பெறும் நாடுகள் வந்துசேர்வதற்காக 2011-இல் பால்டர், ஆஸிரிஸ் என்ற வட்டாரங்கள் திறக்கப்பட்டன. ஆஸிரிஸில் தலைவர் பாரோ எனப்படுகிறார். பால்டரிலோ ஸ்காண்டிநேவியச் சாயலில் அரசர் அல்லது அரசி நாட்டுத் தலைவராகவும், ஸ்டாட்ஸ்மினிஸ்டர் என்னும் பிரதமர் அரசின் தலைவராகவும் இருக்கும் ஏற்பாடு உருவானது. என் கணிப்பில் இவற்றுள் படிக்கத் தகுந்தது பால்டர்தான். விளையாட்டு கொடுக்காத அதிகாரப் பிரிவினையை, ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையை மட்டும் வைத்து அங்கே கட்டியெழுப்பியிருக்கிறார்கள்.

அரியணையைக் காக்கும் வழிமுறைகள் இன்னும் சுவையானவை. பல பெரிய வட்டாரங்களில் குடிகள் பெறக்கூடிய ஆதரவுக்குச் சட்டத்தால் உச்சவரம்பு விதிக்கிறார்கள். அதைத் தாண்டுபவர் அரியணைக்குக் குறிவைப்பவராகக் கருதப்பட்டு, எச்சரிக்கப்படுவார் அல்லது வெளியேற்றப்படுவார். வெளியேற்றுவதற்கும் விலை உண்டு: நாடு வட்டாரத்தில் தங்கும் காலத்தில் சேரும் செல்வாக்கைச் செலவிட்டே அதைச் செய்ய முடியும். நெடுநாள் இருந்த பழைய பிரபுவைத் துரத்துவது புதியவரைத் துரத்துவதைவிட மிகக் கடினம் என்பதால், அரசர்கள் பிரபுக்களை அரவணைத்தே போகவேண்டியிருக்கிறது. பிரபுத்துவம் எப்படி உருவாகிறது என்பதைப் பாடநூலைவிட இது தெளிவாகக் காட்டிவிடுகிறது.

பெரும் குறை, வாரிசுரிமைதான். இங்கே அரசர்கள் முதுமையால் சாவதில்லை. 28 நாள் உள்நுழையாவிட்டால் நாடே மறைந்துவிடும், விடுப்பு அறிவித்திருந்தால் மட்டும் கூடுதல் அவகாசம் உண்டு. முன்பெல்லாம் வட்டாரத்தைத் தொடங்கிய நிறுவனர் ஒருவர் அப்படி மறைந்தால் அவருடைய தனியதிகாரமும் மறைந்து, கூட்டமாக வந்து ஆதரவைக் குவித்துப் பேராளர் பதவியைப் பிடிப்பவர்களுக்கு வட்டாரம் திறந்த வீடாகிவிடும். 2023-இல் வந்த மாற்றத்துக்குப் பின், நிறுவனரின் இடத்தில் ஆளுநர் என்னும் பொறுப்பில் இருப்பவர் தமக்குப் பின் வருபவரை முன்கூட்டியே நியமிக்கலாம். இளவரசர் என்ற கருத்துக்கு இந்த விளையாட்டு இதுவரை வந்துள்ள மிக நெருங்கிய இடம் அதுவே. ஆனால் பேராளர் பதவிக்கு அந்த வசதி இல்லாததால், ஆளுநரே இல்லாத பசிபிக், பால்டர் போன்ற இடங்களில் வாரிசைத் தேர்ந்து அவருக்கு ஆதரவு திரட்டும் வேலை மாதக்கணக்கில் நீள்கிறது.

தோற்றம் பழமையானது, சிக்கல்கள் கேலி நிறைந்த ஆங்கிலத்தில் வருவதால் அம்மொழியில் ஓரளவு பழக்கம் தேவை. பணம் கட்டினால் சில வசதிகள் கூடுமே தவிர அரியணை கிடைக்காது. கடிதம் எழுதி ஆள் சேர்ப்பதில் சலிப்படையாதவர்கள் பெரிய வட்டாரமொன்றில் குடியாகச் சேர்ந்து, முதல் சில மாதங்களுக்கு அதன் சாசனத்தையும் அரண்மனைச் சண்டைகளையும் கவனிக்கலாம். வந்தவுடன் முடிசூடிக்கொள்ள விரும்புபவர்கள் சொந்த வட்டாரம் தொடங்கலாம். ஆளுநராக இருக்கும்வரை அங்கே அவர்களை அசைக்க எவராலும் முடியாது, ஆளக் குடிகள் கிடைப்பதுதான் அரிது.