பராமரிப்பு இல்லம்: முதல் மாதத்தில் தெரியாதவை, ஓராண்டுக்குப் பின் தெரிபவை

பார்க்கப் போகும் நாளில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். தரை பளபளக்கும், சுவரில் பட அட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும், மேலாளரே வாசல்வரை வருவார். ஆட்டிசம் உள்ளவரோ அறிவுசார் குறைபாடு உள்ளவரோ அங்கே ஓராண்டு தங்கிய பிறகு முக்கியமாகத் தெரிவது வேறு. அவரைப் பற்றி ஒரு பணியாளருக்குத் தெரிந்த விஷயம், அந்தப் பணியாளர் வேலையை விட்டுப் போனபின் அடுத்தவருக்குத் தெரிகிறதா? இந்தத் துறையில் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். மாறும்போது என்ன தொலைந்துபோகிறது என்பதில்தான் இல்லத்துக்கு இல்லம் வித்தியாசம்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அறிமுகத் தாள் வைத்திருப்பார்கள். அதில் "இசை பிடிக்கும், சத்தம் பிடிக்காது" என்று மட்டும் இருந்தால் யாருக்கும் உதவாது. "கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி பொறுக்கவும், அதற்குள் மறுபடி கேட்டால் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பிப்பார்", "தாடையைத் தட்டிக்கொண்டே இருந்தால் முதலில் பல்லைப் பார்க்கவும்" என்று இருந்தால் புதிதாக வந்தவரும் அன்று மாலையே சமாளித்துவிடுவார். தாளின் அடியில் தேதியைப் பாருங்கள். ஒரு வருடமாக ஒரு வரிகூட மாறவில்லை என்றால் அது கோப்புக்காக எழுதியது. போன வாரம் சேர்ந்த பணியாளரிடம் அந்தத் தாளில் உள்ள இரண்டு விஷயங்களைக் கேட்டால் மீதியும் தெரிந்துவிடும்.

அன்றைய வேலைகளைப் படங்களால் வரிசையாகக் காட்டும் பட அட்டவணை பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில் படுத்துவிடும். அட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், வெள்ளிக்கிழமையும் பலகையில் செவ்வாய்தான் நிற்கும். தவறான பலகைக்குப் பலகையே இல்லாமல் இருப்பது மேல். ஏனென்றால் அவர் அதை நம்புகிறார். "நீச்சல்" என்று பார்த்துவிட்டு நீச்சல் இல்லையென்றால் அலறுவார், பதிவேட்டில் அது "திடீர்க் கோபம்" ஆகிவிடும். நடைமுறையில் நிலைப்பது இதுதான்: பலகையை மாற்றுவது இரவுப் பணியாளரின் வேலை என்று எழுதிவைப்பது, ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு பிரதி, ரத்தானதைக் காட்ட ஒரு தனி அட்டை. நாள் முழுவதையும் தாங்க முடியாதவருக்கு "இப்போது, அடுத்து" என்ற இரண்டு கட்டமே போதும்.

உடல்நலத்தில் அதிகம் தவறவிடப்படுவது மலச்சிக்கல். சாதாரண விஷயம்போலத் தோன்றும், ஆனால் உயிரையே எடுக்கக்கூடியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இது மிகப் பரவலானது. நடமாட்டக் குறைவு, குறைவாகத் தண்ணீர் குடிப்பது, சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள் எல்லாம் சேர்ந்து இறுக்கிவிடும். நல்ல இல்லத்தில் மலத்தை அதன் வடிவத்தால் வகைப்படுத்தும் பிரிஸ்டல் அளவுகோலின் 7 வகைகளில் எது என்று எண்ணைக் குறிப்பார்கள். "போனார்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பதிவே அல்ல. ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: உள்ளே கெட்டியாக அடைத்திருக்கும்போது, அதைச் சுற்றி நீராகக் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். பல நாள் எதுவும் போகாமல் இருந்து பிறகு நீராகப் போனால், மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இதே கண்ணோடு நடத்தைப் பதிவுகளையும் படியுங்கள். முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு என்ன ஆனது என மூன்று பகுதி இருக்கும். முதல் பகுதியில் "காரணம் எதுவும் இல்லை" என்று திரும்பத் திரும்ப வந்தால், பணி முடியும் நேரத்தில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்புகிறார்கள் என்று அர்த்தம். புதிதாக வந்த தலைமோதல், கடித்தல் எதற்கும் முதல் சந்தேகம் வலிமேல்தான் விழ வேண்டும்: பல், காது, வயிறு, மாதவிலக்கு.

அடுத்தது மருந்து. மனச்சிதைவு நோய் இல்லாதவருக்கும் நடத்தைக்காக அந்நோய்க்கான மருந்துகளைத் தருவது நெடுங்காலப் பழக்கம். இதைக் குறைக்கவே இங்கிலாந்தில் 2016-ல் 'ஸ்டாம்ப்' (STOMP) என்ற இயக்கம் தொடங்கியது. பலனையும் பக்கவிளைவையும் 3-4 வாரத்தில் பார்க்க வேண்டும், 6 வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும் என்பது அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டுதல். நிறுத்துவது மருத்துவர் சொல்லும் வேகத்தில் மட்டுமே. நாமாகத் திடீரென்று வெட்டக்கூடாது. "தேவைப்பட்டால்" தரும் மாத்திரையின் பதிவை ஒரு மாதத்துக்கு வரிசையாகப் பாருங்கள். ஒரே ஷிப்டில் குவிந்திருந்தால், சிக்கல் குடியிருப்பவரிடம் இல்லை.

விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பானத்தைக் கெட்டியாக்கித் தருவார்கள். கைக்குக் கை அளவு மாறும். பானத்தின் கெட்டித்தன்மையை நிலைகளாகப் பிரிக்கும் ஐடிடிஎஸ்ஐ (IDDSI) என்ற சர்வதேச முறைப்படி 10 மில்லி ஊசிக்குழலில் (10 மில்லிக் கோடுவரை 61.5 மிமீ நீளம்) ஊற்றி 10 நொடி ஒழுக விட வேண்டும், 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8-க்கு மேல், ஆனால் கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. சமையலறையில் அந்தக் குழல் இருக்கிறதா என்று கேட்டாலே போதும்.

சின்ன இல்லம் என்பதாலேயே நல்ல இல்லம் ஆகிவிடாது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவுக்கு 2017-ல் வந்த விளக்கவுரை, ஐந்து முதல் எட்டுப் பேர் வாழும் வீட்டிலும் எப்போது எழுவது, யாரோடு வாழ்வது என்ற தெரிவு இல்லாவிட்டால் அது வீடல்ல, நிறுவனம்தான் என்கிறது. துணி துவைப்பதைக் கவனித்தால் இது கண்ணில் படும். ஓர் இல்லத்தில் பணியாளரே எல்லாவற்றையும் போட்டு எடுப்பார், குடியிருப்பவர் சோபாவில் இருப்பார். இன்னொன்றில் கூடையைத் தூக்குவது, கதவை மூடுவது, பொத்தானை அமுக்குவது அவருடையது. முடியாத அந்த ஒரு படிக்கு மட்டும் கை பிடித்து உதவுவார்கள். வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் காணாமல் போவதும் இதுதான். அதனால் செவ்வாய் காலை போகாதீர்கள், ஞாயிறு மாலை சொல்லாமல் போங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வரக்கூடாது என்றால் ஏன் என்று கேளுங்கள்.

சேரும்போதே எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்த நிலையில் வெளியேறச் சொல்வார்கள், அதற்கு எத்தனை நாள் அவகாசம், மருத்துவமனையில் சேர்த்தால் அறை காத்திருக்குமா, அங்கே அவரைத் தெரிந்த ஒருவர் இரவும் உடன் இருப்பாரா, அந்த ஆளுக்கான செலவு யாருடையது. கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் மழுப்புவார்கள்.