பாலி ட்ரிப்புக்கு இன்சூரன்ஸ் எடுக்கறவங்க உஷார், எனக்கு 1,83,000 போச்சு

நேத்து சாயங்காலம்தாங்க அந்த மெயில் வந்துச்சு. உங்க க்ளெய்ம ஏத்துக்க முடியாதுன்னு ரெண்டே பாரா, கீழ ஒரு ஆளு பேரு கூட இல்ல. ராத்திரி பூரா தூக்கம் இல்ல, எழுதறது முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. கம்பெனி பேர் எதுவும் போடப் போறதில்ல, போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும், அதுக்கு அழ என்கிட்ட இனிமே காசில்ல. ஃப்ளைட் டிக்கெட் போடற ஒரு ஆப்பு, அது மூலமா வித்த ட்ராவல் இன்சூரன்ஸ், அவ்ளோதான். ஆப்புன்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்கானுங்க.

ஆகஸ்ட்ல நானும் வீட்டுக்காரம்மாவும் பசங்கள மாமியார் வீட்டுல விட்டுட்டு கோயம்புத்தூர்ல இருந்து சிங்கப்பூர் வழியா பாலி போனோம், ஏழு நாள். கல்யாணமாகி பத்து வருஷத்துல முதல் வெளிநாடு. சும்மா கடற்கரையில உக்காந்துட்டு வர்ற ட்ரிப் இல்லைங்க, உபுத்ல ஆயுங் ஆத்துல ராஃப்டிங், துலாம்பென்ல ஸ்கூபா, அப்பறம் நூசா பெனிடா தீவுல ஸ்கூட்டர் எடுத்து சுத்தறதுன்னு ப்ளான். அதனாலதான் நான் இன்சூரன்ஸ கண்ண மூடிட்டு எடுக்கல, இத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா "படிக்காம எடுத்திருப்ப"ன்னு என் மச்சான்ல இருந்து ஆரம்பிச்சு எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

கேட்டேங்க. வாய் விட்டு கேட்டேன். டிக்கெட் போட்ட அடுத்த நாள் அந்த ஆப்புக்காரங்க சைடுல இருந்து ஒரு தம்பி கூப்பிட்டாரு, தமிழ்லயே பேசினாரு, எந்த ஊருங்கன்னு கேட்டாரு, திருப்பூர்னேன், "அட நமக்கு அவிநாசிங்க"ன்னாரு. அங்கதான் நான் விழுந்தேன். நம்ம ஊர்ப் பையன், நம்மள ஏமாத்தவா போறான்னு ஒரு நெனப்பு. சாதா ப்ளான் 900 சொச்சம் இருந்துச்சு, அவருதான் "ராஃப்டிங் எல்லாம் போறீங்க, அட்வென்ச்சர் கவர் சேத்து எடுத்துக்குங்க"ன்னு ரெண்டு பேருக்கும் 1,298 ஆகற ப்ளான் சொன்னாரு. நான் வாட்ஸ்அப்ல எழுத்துல கேட்டேன்: ஸ்கூபா, ராஃப்டிங், வாடகை ஸ்கூட்டர் மூணும் கவர் ஆகுமா, நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா? பதில் வந்துச்சு: "எல்லாமே கவர் ஆகும் சார், டோண்ட் வொர்ரி", கூட ஒரு கட்டைவிரல். அந்த ஒத்தக் கட்டைவிரல நம்பி அஞ்சு நிமிஷத்துல ஜிபே பண்ணேன்.

இதுல கூத்து என்னன்னா பயந்த விஷயம் எல்லாம் நல்லாவே முடிஞ்சுது. துலாம்பென்ல கரையில இருந்து கொஞ்சம் தள்ளி தண்ணிக்குள்ள ஒரு பழைய அமெரிக்க சரக்குக் கப்பல் கிடக்கு, 1942ல ஜப்பான்காரன் டார்பிடோ போட்டது, 1963ல ஆகுங் எரிமலை வெடிச்சப்ப கரையில இருந்து கடலுக்குள்ள சரிஞ்சுதாம். இன்ஸ்ட்ரக்டர் கையப் புடிச்சுகிட்டே இறங்கி அதப் பாத்தோம், புதுசா இறங்கறவங்கள 12 மீட்டருக்கு மேல விட மாட்டாங்க. நீச்சல் தெரியாத வீட்டுக்காரம்மா சிரிச்சுகிட்டே மேல வந்தா. கடைசியில அடிபட்டது 20 ஸ்பீட்ல போன ஸ்கூட்டர்ல.

பெனிடா ரோடு பத்தி யாரும் ஒழுங்கா சொல்றதில்ல. பாலி கரையில இருக்கற சானூர்ல இருந்து ஃபாஸ்ட் போட்ல முக்கா மணி நேரம், இறங்கின உடனே ஸ்கூட்டர் சாவியக் கையில குடுத்துடறாங்க, லைசென்ஸும் கேக்கல ஒண்ணும் கேக்கல. கெலிங்கிங்ங்கற கடலோர மலைய பாத்துட்டு திரும்பி வர்றப்ப ஒரு இறக்கம், ஓரமெல்லாம் ஜல்லி, எதிர்ல ஒரு கார், ஒதுங்கினேன், முன் சக்கரம் வழுக்கிடுச்சு. ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம், எனக்கு முட்டியில சிராய்ப்பு, அவ கைய ஊனிட்டா, வலது மணிக்கட்டு முறிஞ்சுது. அங்க ஒரு சின்ன கிளினிக்ல அட்டை வெச்சுக் கட்டி விட்டாங்க, கடைசி போட்ட புடிக்க ஓடினோம். போட் குதிக்கற குதியில அவளுக்கு உசுரு போய் வருது, அப்பவும் என்கிட்ட சொல்றா, "ஏனுங்க, பயப்படாதீங்க, இன்சூரன்ஸ்தான் போட்டிருக்கோமில்ல".

பாலியோட தலைநகர் டென்பசார்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. டாக்டருங்க, நர்ஸுங்க எல்லாம் தங்கமானவங்க, அவங்களக் குறை சொல்ல மாட்டேன். ப்ளேட் வெச்சு ஆபரேஷன் பண்ணணும், அட்வான்ஸ் கட்டுங்கன்னாங்க. பாலிசியில இருந்த 24 மணி நேர நம்பருக்கு ரோமிங்ல கூப்பிட்டா 40 நிமிஷம் பாட்டு. அப்பறம் ஒரு அம்மா எடுத்து "கேஷ்லெஸ் அப்ரூவலுக்கு டைம் ஆகும் சார், நீங்க கட்டிடுங்க, ஊருக்கு வந்து பில் குடுத்தா ரீஇம்பர்ஸ் ஆகிடும்"னாங்க, அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்ட லேட் ஆகும், நாம கட்டிட்டா பின்னாடி காச திருப்பித் தருவாங்களாம். ஆகிடும்னுதான் சொன்னாங்க, ஆகலாம்னு கூட இல்ல. பில்லப் பாத்ததும் நெஞ்சு நின்னு போச்சு, 3 கோடியே 40 லட்சம். இந்தோனேஷியா ரூபியாங்க. (அந்த ஊர்ல விசாவுக்கே ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, பாத்துப் பாத்துப் பழகிடும்.) நம்ம காசுல 1,83,000. க்ரெடிட் கார்டு பாதி, மாமனார் அனுப்புனது பாதி.

ஊருக்கு வந்து எல்லா பில்லும், எக்ஸ்ரேவும், பாஸ்போர்ட் சீலும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அப்பறம் ஆரம்பிச்சுது பந்தாட்டம். ஆப்புக்காரன் கிட்ட கேட்டா "நாங்க வித்துக் குடுக்கறவங்கதான், இன்சூரன்ஸ் கம்பெனிய கேளுங்க". கம்பெனிய கேட்டா "க்ளெய்ம் பாக்கறது வேற ஏஜென்சி". ஏஜென்சிய கேட்டா டிஸ்சார்ஜ் சம்மரி இந்தோனேஷிய மொழியில இருக்கு, இங்கிலீஷ்ல வாங்குங்கன்னான், ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டு அதையும் வாங்கினேன். பத்து நாள் சத்தமில்ல. கேட்டா உங்க கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் க்ளோஸ் ஆகிடுச்சு, புதுசா போடுங்கன்னு பதில். மூணு தடவ க்ளோஸ் ஆச்சுங்க! சாட்ல பேசறது மனுஷனா மெஷினான்னே தெரியல, நான் என்ன திட்டினாலும் "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு வருது. அந்த அவிநாசித் தம்பிக்கு கூப்பிட்டா முதல் ரெண்டு நாள் எடுத்தாரு, "பாக்கறேன் சார்"னாரு, அப்பறம் ரிங் போய்கிட்டே இருக்கு, ஆபீஸ்ல கேட்டா அவரு வேற டிபார்ட்மென்ட்டாம்.

இப்ப நேத்து வந்த மெயில். பாலிசி வேர்டிங், அதாவது எல்லா நிபந்தனையும் இருக்கற முழு ஆவணம், அதோட 31ம் பக்கத்துல இருக்காம், டூவீலர் ஓட்டறவர்கிட்ட அந்த நாட்டுல செல்லுபடியாகற லைசென்ஸ் இருக்கணும், இல்லைன்னா ஓட்டறவருக்கும் பின்னாடி உக்காந்தவருக்கும் கவர் கிடையாது. என்கிட்ட நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும்தான், வெளிநாட்டுல வண்டி ஓட்டறதுக்கான இன்டர்நேஷனல் பர்மிட் இல்ல. சரி, என் மேல தப்புன்னே வெச்சுக்குவோம். அவ என்ன பண்ணுனா? பின்னாடி உக்காந்தா, ஹெல்மெட் போட்டிருந்தா, அவ பேருல தனியா பாலிசி, தனியா ப்ரீமியம். வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன், "விற்பனைப் பிரதிநிதி சொன்னது பொதுவான தகவல், பாலிசி ஆவணமே இறுதியானது"ன்னு பதில். அந்த ஆவணம் எனக்கு எப்ப வந்துச்சு தெரியுமா? காசு கட்டினதுக்கு அப்பறம், 44 பக்கம். எல்லாமே கவர்னு ஒரு கட்டைவிரல், இல்லைன்னு சொல்ல 44 பக்கம். அட்வென்ச்சர் கவர்ல ஸ்கூட்டரே வராதாம், அது ரோடு விபத்தாம். 1,83,000 ரூபாங்க, எங்க பனியன் யூனிட்ல நாலு பேருக்கு மூணு மாச சம்பளம் கிட்ட வரும்.

எப்படிப் பாத்து எடுக்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப அதுக்குத் தெம்பில்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன். காசு கட்டறதுக்கு முன்னாடி வேர்டிங் பிடிஎஃப் கேளுங்க, தராதவன்கிட்ட எடுக்காதீங்க. அதுல கவர் ஆகறத படிக்காதீங்க, ஆகாதத படிங்க, டூவீலர்னு தேடிப் பாருங்க, சிலதுல இத்தன சிசிக்கு மேல கூடாதுன்னும் இருக்கு. ஸ்கூபாவுக்கு எத்தன மீட்டர் வரைக்கும், சர்டிஃபிகேட் வேணுமா, இன்ஸ்ட்ரக்டர் கூட இருந்தா போதுமான்னு பாருங்க. தீவுல இருந்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு வர்ற செலவு பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே சொன்னாதான் தருவாங்க. இன்டர்நேஷனல் பர்மிட் ஆர்டிஓ ஆபீஸ்ல 1,000 ரூபாதான், ஒரு வருஷம் செல்லும், உங்க லைசென்ஸ்ல பைக் இருந்தாதான் அதுலயும் பைக் வரும், கார் லைசென்ஸ் மட்டும் வெச்சிருக்கவங்க ஏமாந்துடாதீங்க. அந்த 1,000 ரூபா விஷயத்த அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போய் வரிசையில நின்னிருக்க மாட்டேனா. பெனிடாவுல பேசாம டிரைவரோட கார் எடுத்துக்குங்க.

நேத்து ராத்திரியே கம்பெனியோட குறைதீர்ப்பு (க்ரீவன்ஸ்) மெயிலுக்கு எழுத்துல போட்டுட்டேன், இன்சூரன்ஸ் கம்பெனிங்க மேல புகார் குடுக்கற பீமா பரோசா சைட்லயும் பதிஞ்சுட்டேன். ஒரு மாசத்துல ஒழுங்கா பதில் வரலைன்னா சென்னை தேனாம்பேட்டையில இன்சூரன்ஸ் தகராற விசாரிச்சு தீர்ப்பு சொல்ற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம், அங்க போகப் போறேன். பின்னாடி உக்காந்து அடிபட்டவங்களுக்கு அங்க க்ளெய்ம் வாங்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அந்த ஆர்டர் காப்பி இருந்தா இன்னும் நல்லது. வீட்டுக்காரம்மாவுக்கு பிசியோ டைம் ஆச்சு, வண்டி எடுக்கணும். கார்லதான்.