ஒரே பாட்டு, மூன்று அறைகள்

மாதச் சந்தா கட்டி ஓராண்டாக நான் பயன்படுத்திவரும் பாட்டுச் செயலியின் ஒலித்தரத்திலோ, இணைய இணைப்பு இல்லாதபோது கேட்பதற்காகப் பாடல்களைச் சேமித்துக்கொள்ளும் வசதியிலோ குறை சொல்வதற்கில்லை. பாடல்களை இன்ன வகை என்று பிரித்து வைத்திருக்கும் முறைதான் பொறுமையைச் சோதிக்கிறது.

கர்நாடக இசையையும் ஐரோப்பியச் செவ்வியல் மரபின் பழைய பாணியான பரோக் இசையையும் இணைத்து இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை ஜே.எஸ். பாக்குக்கும் (Bach) காணிக்கையாக்கப்பட்டது. எந்தப் படத்துக்காகவும் அமைக்கப்பட்டதன்று. பெயரே 'இதை எப்படி அழைப்பது' என்று கேட்டுக்கொண்டிருக்க, செயலியோ தயக்கமின்றித் 'திரையிசை' என்று முத்திரை குத்தியிருக்கிறது. ஓர் இரவு கடைசி வயலின் இழை அடங்கிய மறுநொடி, அதே வகை என்ற கணக்கில் குத்துப்பாட்டொன்று தொடங்கியபோது காதுக்கருவியைக் கழற்றியே விட்டேன்.

'சிந்து பைரவி' (1985) படத்தில் நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கித் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் சாரமதி ராகமாகப் போய்ச் சேரும் 'பாடறியேன் படிப்பறியேன்' பாடலைத் தேடினால், மூன்று தொகுப்புகளில் மூன்று வகையாகக் கிடைக்கிறது: கர்நாடகம், கிராமியம், திரையிசை. மூன்றுமே சரிதான் என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். எம்பி3 கோப்புகளில் விவரம் பதியும் ஐடி3 முறையின் முதல் வடிவில், ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு வகை எண்ணைத்தான் தர முடிந்தது. மொத்தம் 80 வகைகள் கொண்ட அந்தப் பட்டியலில் கர்நாடக இசைக்கு இடமே இல்லை. எங்கள் தெருவில் கேசட்டில் பாட்டுப் பதிந்து தந்த கடைக்காரருக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. யார் இசை, யார் குரல், சோகமா ஜோடிப்பாட்டா என்று கேட்டே 90 நிமிடக் கேசட்டின் இரு பக்கங்களையும் பொருத்தமாக நிரப்பிவிடுவார்.

ஒரு பாட்டுக்குப் பல வகைகளையும், கூடவே ராகத்தின் பெயரையும் சேர்க்க வழி செய்யுமாறு செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்ற ஒற்றை வரி வந்தது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். சந்தாவை நிறுத்தவில்லை, 'பாதி கர்நாடகம்' என்று நானே ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன், இதுவரை 43 பாடல்கள் சேர்ந்திருக்கின்றன.