பால்சா இறக்கையா, ஃபோம் இறக்கையா? புற்றில் மோதிய பிறகு ஒரு கணக்கு

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் என் வீட்டுக் கார் ஷெட்டில், ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களின் இரண்டு இறக்கைகள் தொங்குகின்றன. ஒன்று, பெட்டியைப் பிரித்த அன்றே பறக்கவிடலாம் என்று வாங்கிய ஃபோம் விமானத்துடையது. மற்றது, கிட்டில் வந்த பால்சா என்ற லேசான மரத்தின் துண்டுகளை நானே ஒட்டிச் செய்த ஒன்றரை மீட்டர் இறக்கை. முதலாவதில் தூசி படிந்திருக்கிறது. நான் எந்தக் கட்சி என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

ஃபோமுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ரிமோட்டைப் பிடித்தே பழகாதவர் அதைத்தான் வாங்க வேண்டும். ஒரு சாயங்காலத்தில் தயாராகிவிடும். முதல் பத்துத் தடவையில் எப்படியும் நாலு தடவை தரையைக் குத்தும். அதற்கு மூன்று வார உழைப்பைப் பலி கொடுப்பானேன்? நானும் அதில்தான் கற்றுக்கொண்டேன். பால்சாவில் பொறுமை வேண்டும், கத்தி வேண்டும், ராத்திரி வேண்டும். 2023-இல் நான் இறக்கைக்குத் தோலாக, சூடு காட்டி ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிமை ஒட்ட உட்கார்ந்தபோதெல்லாம், இஸ்திரிப்பெட்டி சூடேறும் நேரம் பார்த்து லோட் ஷெட்டிங் வந்து கரண்ட்டைப் பிடுங்கும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டர்பன் கடற்கரையோடு பார்த்தால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே மெதுவாக வந்து உட்காரும் அதே விமானம், இங்கே கொஞ்சம் வேகமாகத்தான் இறங்கும். கூடுகிற ஒவ்வொரு கிராமும் அந்த வேகத்தை இன்னும் ஏற்றும்.

சரி, இதெல்லாம் ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்: உடைந்த பிறகு என்ன ஆகிறது?

ஆடிக்காற்று ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஹைவெல்ட் என்கிற எங்கள் மேட்டுநிலத்திலும் ஆகஸ்ட் காற்று மாதம்தான். கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு மேல் பறக்கவிட்டேன். இறங்கும்போது பக்கவாட்டுக் காற்று தூக்கியதில், இடது இறக்கை நுனி ஒரு கறையான் புற்றில் போய் மோதியது. கூட வந்த பக்கத்துத் தெரு மாமா, "தம்பி, முதல்ல புத்துக்கு ஒரு கும்பிடு போடு, அப்புறம் எடு" என்றார். டர்பனில் பிறந்து, அங்கே தமிழ்ப் பள்ளியில் படித்தவர். நாற்பது வருடமாக இந்த விமானங்களோடுதான் பொழுது.

இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்கு விலா எலும்புகளான ரிப்புகளில் மூன்று நொறுங்கி, இறக்கையின் நீளத்துக்கு ஓடும் இரண்டு குச்சிகளில் கீழே இருப்பது, அதாவது கீழ் ஸ்பார், ஒடிந்திருந்தது. மாமா உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெப்பைப் படுக்க வச்சு ஒட்டியிருக்கியே!"

மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே ஒட்டுகிற மெல்லிய பால்சாத் தகடுதான் வெப். இறக்கை மேல்நோக்கி வளையும்போது மேல் ஸ்பார் அமுங்கும், கீழ் ஸ்பார் இழுபடும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடாமல் வெப் தாங்க வேண்டும்; அதனால் அதன் இழை செங்குத்தாக ஓட வேண்டும். நான் தகட்டை நீளவாக்கில் வெட்டினால் சுலபம் என்று இழையைப் படுக்க விட்டிருந்தேன். மாமா ஒரு கழிவுத் துண்டை எடுத்து இழையோடு அழுத்தினார், அசையவில்லை. திருப்பி வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பொரி மாதிரி நொறுங்கியது.

ரிப்பேருக்கு மூன்று ராத்திரி ஆனது. ஃபிலிமை நல்ல ரிப் வரைக்கும் வெட்டி எடுத்தேன். புது ரிப்புகளைக் கிட்டோடு வந்த முழு அளவு வரைபடத்திலிருந்து நகல் எடுத்து வெட்டினேன். 6 மில்லிமீட்டர் ஸ்பாரைச் சாய்வாகச் சீவி, 60 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒன்றோடொன்று பொருத்தி, வெள்ளைப் பசையில் ஒட்டினேன். வரைபடத்தின் மேல் பாலிதீன் விரித்து, குண்டூசி குத்தி, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். நுனியில் பின் ஓரத்துக்கு அடியில் 3 மில்லிமீட்டர் குச்சியை மறக்காமல் வைத்தேன். அந்தச் சின்ன முறுக்கு இல்லாவிட்டால், வேகம் குறையும்போது நுனிதான் முதலில் சரியும். முன்பு 256 கிராம் இருந்த இறக்கை இப்போது 262. வெப்பை இந்தத் தடவை நிற்க வைத்துத்தான் ஒட்டினேன்.

ஃபோம் இறக்கை ஒடிந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எபாக்ஸி போட்டு ஐந்தே நிமிஷத்தில் ஒட்டினேன், பார்க்க நன்றாகவே இருந்தது. மடங்கிய கோட்டைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி உப்பவைத்தேன். ஆனால் அடுத்த வாரம் கொஞ்சம் வேகமாக மேலே இழுத்ததும், பசைக்குப் பக்கத்தில் அதே கோட்டில் மறுபடி மடங்கியது. உள்ளே எது நலிந்திருக்கிறது என்று ஃபோமில் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒட்டுக்கும் எடை மட்டும் ஏறும். மாற்று இறக்கை கேட்டால், அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால், பெட்டி பெரிது. கூரியர்காரர்கள் எடையைவிட இடத்துக்குத்தான் காசு வாங்குகிறார்கள். பால்சாவுக்கு உதிரிபாகம் வரைபடத்திலேயே இருக்கிறது. ஒரு தகடு வாங்கினால் போதும்.

ஃபோமை அறுத்து, மேலே பால்சாத் தோல் ஒட்டுகிற கலப்பு வகையும் உண்டு. வேகமான விமானங்களுக்கு அதுதான் சரி என்கிறார் மாமா. நான் ஒன்றுகூடச் செய்ததில்லை, அதனால் அவர் பேச்சை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். என் பால்சா இறக்கைக்கும் வயது அதிகமில்லை. ஐந்து வருட வெயிலுக்கு இந்த ஃபிலிம் தாங்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கிட் வாங்குகிறவர்கள் பெட்டியில் முழு அளவு வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பசை படுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். என்னுடைய அசலில் மூன்றாவது ரிப்பின் மேல் இன்னும் ஒரு டீக்கறை இருக்கிறது.