ஸ்டார்ட்டர் நல்லா சுத்தியும் சூட்டுல லோரி ஸ்டார்ட் ஆகலன்னா ஸ்டார்ட்டர மாத்த ஒத்துக்காதீங்க

பிறை, பாகான் பக்கம் லோரி ஓட்டுறவங்க கொஞ்சம் படிங்க. பெங்கேல் (லோரி ரிப்பேர் கடை) பேரு போடல, கேக்காதீங்க.

என்னோடது 3 டன் டீசல் லோரி, காய்கறி ஏத்துறது. விடிகாலையில ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆயிடும், பினாங்கு பாலம் தாண்டி ஜெலுத்தோங்ல சாமான் எறக்கி ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்து சாவிய திருப்புனா ஸ்டார்ட்டர் கரகரன்னு நல்லாவே சுத்தும், எஞ்சின் மட்டும் புடிக்காது. கேபின தூக்கி வச்சு முக்கா மணி நேரம் ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

பெங்கேல்ல காட்டுனேன், போமேன் (மெக்கானிக்) கேபின கூட தூக்கி பாக்கல, "பேட்டரி வீக்கு, ஸ்டார்ட்டர் சூட்டுல இழுக்கல அண்ணே"ன்னான். நல்லா சுத்துதேப்பான்னு சொன்னேன், காதுலயே வாங்கல. ரெண்டையும் மாத்துனான், 1,350 வெள்ளி (ரிங்கிட்). நாலே நாள்ல அதே கத, திரும்ப போனா இப்ப பம்ப்பு போச்சாம், 4,800 ஆகுமாம்!

அப்புறம்தான் மச்சான் சொல்லி ஒரு பழைய போமேன் ஐயாகிட்ட போனேன். அவரு கேட்டது ஒண்ணுதான், "ஸ்டார்ட்டர் சுத்தும்போது ஆர்பிஎம் முள்ளு (எஞ்சின் சுத்துற வேகத்த காட்டுறது) ஆடுதா?" அட, அசையவே இல்ல. கிராங்க் சென்சார்னாரு. எஞ்சின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றதே அதுதானாம், சூட்டுல உள்ள கம்பி விட்டுப்போனா சிக்னல் வராது, டீசல் அடிக்காது, ஆறுனா திரும்ப ஒட்டிக்கும். எஞ்சின ஆஃப் பண்ண ஒடனே காத்து, தண்ணி ஓட்டம் ரெண்டும் நின்னு போறதால சூடு இன்னும் ஏறுமாம், ஓடும்போது நிக்காம தே குடிச்சிட்டு வந்ததும் மட்டும் மக்கர் பண்ணது அதனாலதான். குட்மார்னிங் துண்ட ஐஸ் தண்ணியில முக்கி சென்சார் மேல கொஞ்ச நேரம் வச்சாரு, திருப்புனேன், டப்புன்னு புடிச்சிடுச்சு. சென்சார மாத்துனாரு, கூலியோட 190 வெள்ளி.

முள்ளு ஆடியும் புடிக்கலன்னா அப்ப பம்ப்ப சந்தேகப்படலாமாம், சூட்டுல டீசல் தண்ணியா எளகி தேஞ்ச பம்ப்புல பிரஷர் ஏறாதாம், அதையும் சூட்டோட ஸ்கேன் போட்டு பாத்துட்டுதான் கழட்டணும்னாரு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த "புது" ஸ்டார்ட்டர ஐயா நகத்தால சொரண்டுனாரு, கறுப்பு ஸ்பிரேக்கு அடியில மஞ்ச பெயிண்டு சொட்டு. போன வருசம் சேசிஸ்க்கு நானே அடிச்சப்ப தெறிச்சது! என் ஸ்டார்ட்டருக்கே சாயம் பூசி எனக்கே வித்திருக்கான். கேக்க போனா "ரிகோன் (பழச புதுப்பிச்ச) சாமான் பாஸ், யாரு பெயிண்டோ"ங்கிறான். பில்லுல "ஸ்டார்ட்டர் 1"னு மட்டும் கிறுக்கியிருக்கு, பழைய சாமான கேட்டு வாங்காம வந்தது என் மடத்தனம். பயனீட்டாளர் டிரிபியூனல் (வாடிக்கையாளர் புகார விசாரிக்கிற எடம்) போகலாம்னு பாத்தா அது வீட்டு உபயோக கேசுக்குத்தானாம், தொழில் லோரிக்கு இல்லையாம்.

பேட்டரி மட்டும் நெஜமாவே புதுசு, அத ரெண்டு தடவ பாத்துட்டேன்.